காசு வாங்கிக்கொண்டு சொன்னால் நம்பலாமா? ரீல்ஸ் விளம்பரங்களில் நாம் செய்யும் தவறுகள்

திருநெல்வேலி டவுணில் ஒரு புதுக் கடை திறந்தால் முதல் வாரத்திலேயே நாலு பேர் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பாளையங்கோட்டை, வள்ளியூர், தென்காசி, எங்கே போனாலும் இதே கதைதான். ரீல் வந்த மறுநாள் கடையில் கூட்டம் நிற்பதையும் பார்க்கிறோம். அதனால் ஆன்லைன் பிரபலங்கள் காசு வாங்கிக்கொண்டு போடும் விளம்பரம் நம் நம்பிக்கையைத் தொடுகிறதா என்று கேட்டால், நிச்சயமாகத் தொடுகிறது. அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்காமல் விடுவதுதான் சிக்கல்.

"எனக்குத் தெரியாதாடே, இதெல்லாம் விளம்பரம்னு" என்று சொல்லிக்கொள்வது முதல் தவறு. தினமும் நம் பேச்சிலேயே "ஏல மக்கா" என்று கூப்பிட்டு, தன் ஆச்சி வைத்த சொதியையும் தங்கச்சி கல்யாணத்தையும் காட்டுகிற ஒருவரை நம் மனசு எப்போதோ சொந்தக்காரர் வரிசையில் உட்கார வைத்திருக்கும். 1956லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ரேடியோ, டிவி பார்க்கிறவர்களிடம் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். திரையில் இருப்பவருக்கு நம்மைத் தெரியவே தெரியாது, ஆனாலும் நமக்கு அவரோடு பழகிய மாதிரியே இருக்கும். நடிகர் ஒருவர் சோப்பை நீட்டும்போது வருகிற உஷார், பக்கத்து ஊர்ப் பையன் அதே சோப்பை நீட்டும்போது நமக்கு வருவதில்லை. கம்பெனிகள் அவரைத் தேடி வருவதற்குக் காரணமே அதுதான்.

இதைவிடப் பெரிய தவறு, ஒரு விஷயத்தில் வந்த நம்பிக்கையை எல்லா விஷயத்துக்கும் நீட்டுவது. என் கணக்கில் அதிகச் சேதம் இங்கேதான். ஒருவர் அல்வா நன்றாக இருக்கிறது என்று சொன்னார், போய் நூறு கிராம் வாங்கித் தின்று பார்த்தோம், அவர் சொன்னது சரி. அல்வாவில் பொய் சொன்னால் அன்றைக்கே தெரிந்துவிடும், நஷ்டமும் சில ரூபாய்தான். அடுத்த மாதம் அதே ஆள் முகம் வெளுக்கும் கிரீமைக் காட்டுகிறார், அப்புறம் சர்க்கரை நோய்க்கு ஒரு பொடி, அப்புறம் வீட்டிலிருந்தே சம்பாதிக்க ஒரு டிரேடிங் ஆப். கிரீமில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தினால் விளைவு தெரிய மாதங்கள் ஆகும், அதற்குள் உடம்பு கெட்டிருக்கும். ருசி சொல்லத் தெரிந்த நாக்கு பங்குச் சந்தைக்கு எப்படிச் சாட்சி சொல்லும்? குறிப்பிட்ட பங்கை வாங்கு, விற்று விடு என்று ஆலோசனை சொல்கிறவர், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உடம்பு சம்பந்தமாகப் பேசினால் படிப்பு என்ன என்று கேளுங்கள். காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரங்களையும் 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டே தடை செய்திருக்கிறது. அதை ஒருவர் இன்னமும் காட்டினால், அவருடைய மற்ற சிபாரிசுகளையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும்.

"அவர் காசு வாங்கலையே, சும்மா சாப்பாடுதானே போட்டாங்க" என்று விட்டுவிடுவதும் தவறு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியில் இது தெளிவாகவே இருக்கிறது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், பரிசு, தள்ளுபடி, பயணம், ஓட்டல் தங்கல், கடைக்காரரோடு சொந்தபந்தம், எதுவாக இருந்தாலும் பார்க்கிறவருக்குச் சொல்லியாக வேண்டும். குற்றாலத்தில் ரிசார்ட்டில் ரெண்டு நாள் இலவசமாகத் தங்கிவிட்டு "சூப்பர் பிளேஸ்" என்றால் அதுவும் இதில் வரும். சொல்வதையும் வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும். கீழே இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்து வைத்தால் செல்லாது. விளம்பரத் தர கவுன்சிலான ஆஸ்கியின் 2021ஆம் ஆண்டு விதி இன்னும் நுணுக்கமானது: 15 விநாடிக்குள் முடியும் வீடியோவில் விளம்பர அடையாளம் குறைந்தது 3 விநாடி தெரிய வேண்டும், அதற்கு மேல் 2 நிமிடம் வரை உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் தெரிய வேண்டும். யூடியூபில் பணம் பெற்ற விளம்பரம் உண்டு என்ற குறிப்பு தொடக்கத்தில் 10 விநாடிதான் நிற்கும், அந்த நேரத்தில்தான் நாம் வீடியோவைத் தள்ளித் தள்ளி நடுவுக்குப் போய்க்கொண்டிருப்போம்.

கண்ணால் பார்த்தேன் என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்வது அடுத்தது. உடன்குடிக் கருப்பட்டி வீடியோக்களைப் பாருங்கள். பனையேறி கலயத்தோடு இறங்குகிறார், பதநீர் பெரிய வட்டையில் கொதித்து நுரை கட்டுகிறது, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்த வீடியோ அந்த வட்டையில் காய்ந்ததைத்தான் காட்டுகிறது, கூரியரில் உங்கள் வீட்டுக்கு வருகிற டப்பாவை அல்ல. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறையவே ஓடுகிறது, விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அங்கேயே யோசிக்க வேண்டும். பதநீர் வருஷம் முழுக்க இறங்காது. ஐப்பசி மழையில் நின்றுகொண்டு "இன்னைக்குக் காய்ச்சினது" என்று ஒருவர் சொன்னால் நம் ஊர்க்காரர்களே கேள்வி கேட்காமல் லைக் போடுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. டப்பாவில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இருக்கிறதா, தயாரிப்பாளர் முகவரி இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து லட்சம் வியூஸைவிட உபயோகமானது. தாராளமாகப் புகழும் கமென்ட்டுகளும் அப்படித்தான், யார் போட்டது என்று யாருக்குத் தெரியும்? தள்ளுபடிக் குறியீடு (கோட்) கொடுத்தால், நீங்கள் அதைப் போட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குக் கமிஷன் போக வாய்ப்பு உண்டு.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "விளம்பரம்னு மட்டும் எழுதிராதீங்க தம்பி, அப்புறம் எவன் வருவான்" என்று கேட்கும் அண்ணாச்சிமார் உண்டு. விளம்பரம் என்று தெரிந்தால் பார்ப்பவர் கொஞ்சம் உஷாராவார், அது நிஜம். ஆனால் பின்னால் எப்படியும் தெரியவரும், அன்றைக்குச் சந்தேகம் அந்த வீடியோவோடு நிற்காது, கடையின் சரக்கு வரைக்கும் போகும். வீடியோ போடும் தம்பிமார் "இதுக்குக் காசு வாங்கிருக்கேன், இது இது பிடிச்சது, பார்சல் மட்டும் சரியில்ல" என்று சொல்லிப் பாருங்கள். குறையையும் சேர்த்துச் சொல்கிறவரின் பாராட்டுக்குத்தான் எடை அதிகம்.

கடைசியாக, ஏமாந்த பிறகு பேசாமல் இருந்துவிடுவது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பொய் விளம்பரத்துக்குக் கம்பெனிக்கு மட்டுமல்ல, அதில் வந்து பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை; விளம்பரங்களில் வரவே கூடாது என்று ஒரு வருஷம் வரை தடையும் போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், விளம்பரம் பற்றி என்றால் ஆஸ்கியிலும் புகார் கொடுக்கலாம். போன் போடுவதற்கு முன்னால் வீடியோவை ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து, பில்லையும் பார்சல் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். இன்ஸ்டா ஸ்டோரி என்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், 24 மணி நேரத்தில் அது போய்விடும்.