கார் ஷெட்டை அறையாக்க: முதலில் தரை, பிறகுதான் சுவர்

கார் ஷெட்டை அறையாக மாற்றலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானோர் ஷட்டரைக் கழற்றிவிட்டு அங்கே சுவர் எழுப்பத் தொடங்குகிறார்கள். இரண்டு மழைக்காலம் போனபின் சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் உப்பி உதிரும், கட்டிலுக்கு அடியில் பூஞ்சை வாடை வரும். காரணம் தரையில் இருக்கிறது. தேசிய கட்டட விதித்தொகுப்பு வீட்டுத் தரை சுற்றியுள்ள நிலத்தைவிட 450 மி.மீ. உயரமாக இருக்கவேண்டும் என்கிறது. கார் நிறுத்தும் இடத்துக்கு 150 மி.மீ. போதும். இந்த ஒரு அடி வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல டைல்ஸ் போட்டாலும் அது ஷெட்டாகவேதான் இருக்கும். தெரு ரோட்டை மேல் மேலாகப் போட்டு உயர்த்திய ஊர்களில் அந்த 150 மி.மீ.கூட மிஞ்சியிருக்காது.

தமிழ்நாட்டுத் தனி வீடுகளில் வழக்கமான 10 அடிக்கு 18 அடி ஷெட்டை வைத்தே இங்கே கணக்குச் சொல்கிறோம். விதி சொல்லும் குறைந்தபட்ச வித்தியாசம் ஒரு அடி என்றாலும், ஷெட் தரை வீட்டுத் தரையைவிட ஒன்றரை அடி தாழ்ந்திருப்பதாக இங்கே வைத்துக்கொள்கிறோம்.

கை வைக்கும் முன் பார்க்கவேண்டியவை

முதலில் அனுமதி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வீட்டுக்குத் தேவையான கார் நிறுத்துமிடத்தையும் பக்கவாட்டில் விடவேண்டிய காலி இடத்தையும் வரையறுக்கிறது. உங்கள் ஷெட் அந்தக் காலி இடத்தில் நின்றால் அதை மூடிய அறையாக்க முடியாது. அங்கீகரித்த பிளானை எடுத்துக்கொண்டு லைசென்ஸ் பெற்ற இன்ஜினியரிடம் காட்டுங்கள். திருத்திய பிளானுக்கு அனுமதி வாங்கியபிறகே ஆளை இறக்குங்கள். அடுக்குமாடியின் ஸ்டில்ட் பார்க்கிங்கை, அதாவது தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் தரைத்தளத்தை, இதற்குள் சேர்க்கவே வேண்டாம். அது எல்லோருக்கும் பொதுவான இடம்.

அடுத்து, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது? நம் வீடுகளில் தண்ணீர்த் தொட்டியும் சில இடங்களில் செப்டிக் டேங்கும் ஷெட்டுக்கு அடியில்தான் கிடக்கும். செப்டிக் டேங்க் இருந்தால் இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். வாயு கசியும், டேங்கைச் சுத்தம் செய்ய மூடியைப் படுக்கையறைக்குள் திறக்கவேண்டி வரும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் மேல் மண் கொட்டி உயர்த்தக்கூடாது. ஒன்றரை அடி உயர்த்தினால் மண், கான்கிரீட், டைல்ஸ் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 850 கிலோவுக்குக் குறையாது. சிறிய வாகனம் நிற்கும் தரைக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) கணக்கில் கொள்ளும் பரவலான சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோதான். "கார் நின்ற ஸ்லாப்தானே, தாங்கும்" என்று மேஸ்திரி சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தொட்டியை வெளியே மாற்றலாம். அல்லது தொட்டிச் சுவருக்கு அப்பால் தனிச் சுவர் கட்டி, அதன்மேல் தனி ஸ்லாப் போடலாம். இரண்டாவது வழியில் தொட்டி மூடிக்கு என்ன செய்வது என்பதை ஸ்லாப் போடும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஈபி மீட்டர். மீட்டர் பலகை ஷெட் சுவரில் இருந்தால் மீட்டர் இடமாற்றத்துக்கு ஈபி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். கணக்கெடுக்க வருபவர் அறைக்குள் நுழையும்படி விடக்கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரி அங்கே இருந்தால் அதையும் காற்றோட்டமான வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். சார்ஜ் ஏறும்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். தூங்கும் அறையில் அது இருக்கவே கூடாது.

எவ்வளவு உயர்த்தலாம்?

வீட்டின் கூரை ஸ்லாப்பே ஷெட்டுக்கும் நீண்டிருந்தால் உங்களுக்கு வசதி. ஷெட் தரை வீட்டுத் தரையைவிட ஒன்றரை அடி தாழ்ந்திருப்பதால் உள் உயரம் பதினொன்றரை அடி இருக்கும். வீட்டு மட்டத்துக்கே உயர்த்தினாலும் 10 அடி மிஞ்சும். ஆனால் ஷெட்டுக்குத் தனியாகத் தாழ்ந்த ஸ்லாப் இருந்தால், தரை உயர்த்தியபின் மிச்சம் 2.75 மீட்டருக்கு, அதாவது 9 அடிக்குக் குறையாமல் பாருங்கள். குறைந்தால் வெளி நிலத்தைவிட 450 மி.மீ. என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து படி இறக்கிவிடலாம். பெரியவர்கள் தங்கும் அறையானால் ஒரு படி 6 அங்குலத்தைத் தாண்டவேண்டாம், பக்கத்தில் கைப்பிடி கட்டாயம்.

தரை வேலை

பழைய டைல்ஸ், பேவர் கல், எண்ணெய் ஊறிய சிமென்ட் பூச்சு எல்லாவற்றையும் கொத்தி எடுங்கள். மண் நிரப்புவதற்கு முன், மண் படப்போகும் உயரம் வரை சுற்றுச் சுவர்களின் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் கொடுக்கவேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு மேலே மண் ஏறிவிட்டால் ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே போகும்.

ஒரு பக்கம் காம்பவுண்ட் சுவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாலரை அங்குலச் சுவர் மண்ணின் பக்க அழுத்தத்தைத் தாங்கக் கட்டியதல்ல. பக்கத்து வீட்டுப் பக்கம் சாயும். உள்ளே தனியாக 9 அங்குலச் சுவர் கட்டி அதற்குள் நிரப்புங்கள்.

ஒன்றரை அடியில் நிரப்பு மண் (கிராவல்) ஒரு அடி, கான்கிரீட் 4 அங்குலம், டைல்ஸும் கலவையும் 2 அங்குலம். பழைய தரை வாசல் பக்கம் சரிந்திருக்கும் என்பதால் கிராவல் ஏறக்குறைய 195 கன அடி பிடிக்கும். இடித்தால் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாக வேண்டும். ஆகவே இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) இறக்குங்கள். ஆறு ஆறு அங்குலமாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடிக்கவேண்டும். ஒரே மூச்சில் கொட்டி மேலே மட்டும் தட்டினால் அடுத்த வருடம் டைல்ஸ் நடுவில் உட்கார்ந்து, தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்கும்.

மண் மட்டமானதும் கரையான் மருந்துக் கலவை, சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் 85 லிட்டர். அதன்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட். இணைப்பில் ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓரத்தில் சுவர்மேல் மடிந்து நிற்கவேண்டும். பிறகு சிமென்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவையில் கான்கிரீட். 60 கன அடிக்கு சிமென்ட் 6 மூட்டை, மணல் 28 கன அடி, ஜல்லி 56 கன அடி. ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். காய்ந்தபின் இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் முத்தினால் டைல்ஸ் போடும் நேரம் இன்னும் வரவில்லை.

பாத்ரூம் வேண்டுமென்றால் அதன் குழாய்களைக் கான்கிரீட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். 4 அடிக்கு ஏழரை அடி போதும். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி சரிவு வேண்டும். கழிவுநீர் போய்ச் சேரும் சேம்பர் 20 அடி தூரத்தில் இருந்தால் 6 அங்குலம் இறங்கவேண்டும். சேம்பரின் ஆழத்தை அளக்காமல் டாய்லெட் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

ஷட்டர் இருந்த இடம்

ஷட்டருக்குக் கீழே பெரும்பாலும் அஸ்திவாரமே இருக்காது, சரிவுப் பாதையின் கான்கிரீட்தான். அதன்மேல் சுவர் வைத்தால் கீழே இறங்கி, தூணோடு சேரும் இடத்தில் நேர்க்கோடாக விரியும். இரண்டடி தோண்டி அடிக் கான்கிரீட் போட்டு, 12 மி.மீ. கம்பி நாலு வைத்த 9 அங்குல பிளிந்த் பீமை (சுவரைத் தாங்கும் அடிப் பீம்) இரு தூண்களோடும் பிணையுங்கள். சுவருக்கு 6 அங்குல ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) நல்லது, செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். தூணில் இரண்டடிக்கு ஒரு 8 மி.மீ. கம்பியைத் துளையிட்டு ஒட்டி, பிளாக் வரிசைக்குள் நீட்டிவிடுங்கள். பூசுமுன் இணைப்பின் இருபுறமும் 6 அங்குலம் கோழிவலை அடிக்கவேண்டும்.

ஜன்னலை மட்டும் சிறிதாக வைக்காதீர்கள். சென்னை போன்ற ஈரவெப்பப் பகுதியில் கதவைச் சேர்க்காமல் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும். 180 சதுர அடிக்கு 30. முன்பக்கம் 5×4 ஒன்று, வேறொரு பக்கம் 4×3 ஒன்று வைத்தால் 32 ஆகிவிடும். ஒரே பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்று உள்ளே வந்தாலும் வெளியேறாது. எதிர்ச்சுவரின் மேலே ஒரு வென்டிலேட்டராவது வையுங்கள்.

கூரையும் மின்சாரமும்

ஷெட்டின் மொட்டைமாடியில் பெரும்பாலும் தட்டோடு பதித்திருக்க மாட்டார்கள். வெறும் ஸ்லாப் மே மாத மதியத்தில் குடிக்கும் வெயிலை இரவு முழுக்கக் கீழே இறக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது இன்றும் நம்பகமான வழி. பணம் இல்லையென்றால் வெள்ளை கூல் ரூஃப் பெயின்டாவது அடியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையானால் அதற்குக் கீழே அறை கட்டவேண்டாம், அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம்.

ஷெட்டில் இருந்த ஒற்றை லைட்டு வயரிலிருந்து ஏசிக்கு இழுக்கக்கூடாது. டிபியிலிருந்து (மின் விநியோகப் பெட்டி) தனியாக ஏசிக்கு 4 சதுர மி.மீ., பிளக்குகளுக்கு 2.5, லைட்டு-ஃபேனுக்கு 1.5 வயர், எல்லாம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக, எர்த்தோடு.

பூச்சு காய மூன்று நான்கு வாரம் விட்டுப் பிறகு பட்டி பாருங்கள். கடைசியாக, வாசலில் இருக்கும் பழைய சரிவுப் பாதையை உடைத்துவிட்டு, புதுச் சுவர் ஓரமாகத் தெருப் பக்கம் சரியும் ஒரு வாய்க்கால் விடுங்கள். சுவரோரம் மழைநீர் தேங்கக்கூடாது.