களிமண் டிராக்கில் புழுதி அடங்கிய விதம்

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் போதும், எங்கள் உள்ளரங்க ஆர்சி கார் (ரிமோட்டில் ஓட்டும் சின்னக் கார்) டிராக்கின் களிமண் பொடிந்துவிடும். டயர் பிடிக்காது, மூக்கெல்லாம் புழுதி. பந்தயத்துக்கு நடுவே தண்ணீர் தெளித்தால் மேலே வழுக்கும், அடிமண் காய்ந்தே கிடக்கும்.

இப்போது முதலில் உதிர்மண்ணைப் பெருக்கி அள்ளிவிடுகிறேன். ராத்திரி, பூத்தூறலாக, ஊற ஊற இடைவெளி விட்டு நனைப்பேன். கடைசித் தண்ணீரில் மட்டும் கொஞ்சம் கால்சியம் குளோரைடு என்கிற உப்பு; ஈரத்தைப் பிடித்து வைக்கும். (திருகாணி துருப்பிடிக்கிறது என்று ஓட்டுகிறவர்கள் முணுமுணுப்பார்கள். நியாயம்தான், துடைத்துத்தான் வைக்கணும்.) மேலே தார்ப்பாய்.

அமெரிக்காவின் டல்சா நகரில் சில்லி பவுல் என்கிற கார் பந்தயத்துக்கு அரங்குக்குள்ளேயே மண் கொட்டி, கால் மைல் டிராக் போடுகிறார்கள். அங்கேயும் தண்ணீர்க் கணக்குதான் பெரிய வேலை.

காலையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பள்ளம் விழணும், விரலில் மண் ஒட்டக்கூடாது. ஒட்டினால் கொஞ்ச நேரம் ஃபேன்.