ராணி தலை ரூபாய் வெள்ளியா, முலாமா? சுரண்டாமல் பார்க்கும் வழி

ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் விக்டோரியா ராணி தலை போட்ட பழைய ரூபாய் கிடைத்தால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், ஊசியால் கீறியும் பார்க்காதீர்கள். அசல் காசாகவே இருந்தாலும் தேய்த்துப் பளபளப்பாக்கியதைச் சேகரிப்பவர்கள் விலை குறைத்துத்தான் கேட்பார்கள்.

முதலில் காந்தம். ஒட்டினால் வெள்ளி இல்லை, அவ்வளவுதான். இப்போது புழங்கும் எஃகு ஒரு ரூபாய்க்கு முலாம் பூசியிருந்தாலும் ஒட்டும். புலி போட்ட 1947 ரூபாயும் ஒட்டும், ஏனென்றால் அது நிக்கல். அரசாங்கக் காசுதான், ஆனால் வெள்ளி கிடையாது. காந்தி தலை போட்ட 1969 நாணயங்களில் ஒரு ரூபாய் நிக்கல், பத்து ரூபாய்தான் 80 சதவீத வெள்ளி, 15 கிராம். பலரும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒட்டவில்லை என்பதற்காக உடனே சந்தோஷப்படவும் வேண்டாம், செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது.

அப்புறம் எடை, என் கணக்கில் இதுதான் முக்கியம். 1835 முதல் 1939 வரை அடித்த ஒரு ரூபாய் 11.66 கிராம், அதாவது பழைய எடைக் கணக்கில் சரியாக ஒரு தோலா, அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நன்றாகத் தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், கழுத்தில் போடக் கொக்கி பற்றவைத்த காசு கூடும், ஆனால் ஒன்பது பத்து கிராம் காட்டினால் நம்பாதீர்கள்.

எடை சரியாக இருந்தால் விளிம்பைப் பாருங்கள். முலாம் முதலில் தேய்வது விளிம்பு வரிகளிலும், ராணியின் கன்னம், கிரீடம் போன்ற மேடான இடங்களிலும்தான். அங்கே செம்பின் சிவப்போ பித்தளை மஞ்சளோ எட்டிப் பார்க்கும். இதில் ஒரு எச்சரிக்கை: 1940 முதல் 1945 வரை வந்த, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாயில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம், அதனால் தேய்ந்தால் லேசாக மஞ்சளடிக்கும். அதைப் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவற்றின் விளிம்பு வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளக்கோடு ஓடும்.

இன்னும் சந்தேகமா? இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி அடியில் தட்டாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் நல்ல வெள்ளிக்கு 10.3 பக்கம் வரும், பாதி வெள்ளிக்கு 9.5 போல, செம்பு நிக்கல் கலப்புக்கு 8.9. பதினோரு கிராம் காசில் வித்தியாசம் சின்னதுதான், அதனால் நிதானமாக இரண்டு மூன்று தடவை பாருங்கள்.

நெல்லை ஆனித் திருவிழாக் கூட்டத்தில் ராமர் பட்டாபிஷேகம் போட்டு, 1818 என்று எழுதி, கிழக்கிந்தியக் கம்பெனி காசு என்று யாராவது நீட்டினால் சோதனையே தேவையில்லை. கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை.

கடைசியாக, டவுன் ரத வீதிப் பக்கம் நகைக்கடைக்குக் கொண்டுபோனால் காசைக் கையில் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: “அண்ணாச்சி, கல்லில் உரசாமல் மெஷினில் வைத்துப் பார்க்க முடியுமா?” மேல்பரப்பில் வெள்ளி எத்தனை சதவீதம் என்று கீறல் விழாமலே அது சொல்லிவிடும்.