இன்சோயில் முதல் குடித்தனம்: வளவு வீடு கட்டி ஆச்சியைக் குடிவைப்பது எப்படி

பாளையங்கோட்டை வெயிலுக்கு மதியம் வெளியே தலைகாட்ட முடியாது. அந்த நேரத்தில் ஆரம்பித்த பழக்கம்தான் இன்சோய். கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் 2025 மார்ச் 28 அன்று ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்ட விளையாட்டு இது. ஓர் ஆளை உருவாக்கி, வீடு கொடுத்து, வேலைக்கு அனுப்பி, சோறு போட்டுத் தூங்கவைக்க வேண்டும். இதே வகையில் பழைய விளையாட்டான சிம்ஸ் ஆடியவர்களுக்கு உடனே பிடிபடும். இந்த வகை விளையாட்டே புதிது என்பவர்களுக்காக நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். நான் சொதப்பிய இடங்களில் நீங்களும் சொதப்ப வேண்டாம்.

படி 1: காசு கொடுக்கும் முன் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

குறைந்தபட்சத் தேவை 12 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 2060 அளவுக்காவது ஒரு கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5-இல் செய்தது என்பதால் கார்டை நன்றாகவே வேலை வாங்கும். "கேமிங் லேப்டாப்தான், எல்லாம் ஓடும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி நான் வாங்கிவந்த முதல் லேப்டாப்பில் கார்டின் நினைவகம் 4 ஜிபிதான். சோய் (இந்த விளையாட்டில் ஆளுக்கு அதுதான் பெயர்) ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் நான் ஒரு டீ குடித்துவிடலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்ற இடத்தைச் சொடுக்கினால் உங்கள் கார்டின் பெயரும் நினைவகமும் தெரியும். 6 ஜிபிக்குக் கீழே இருந்தால் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். சிம்ஸ் 4-இன் அடிப்படைப் பதிப்பு 2022 அக்டோபரிலிருந்து இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். கை பழக அது போதும்.

இறக்கும் அளவும் பெரியது, 40 ஜிபியாவது வட்டில் காலி இடம் வேண்டும். தினசரி 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பி இறங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனாலும் ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து தொடரும், அந்தக் கவலை வேண்டாம்.

முக்கியமான ஒன்று. ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் மூக்கை நிமிர்த்துவதும் புருவத்தை வளைப்பதுமாகப் போகும் நேரமும் அந்த 2 மணியில்தான் சேரும். நான் மூக்கிலேயே ஒன்றரை மணி நேரத்தைக் கரைத்தேன். முதலில் ஏதாவது ஒரு தயார் முகத்தை எடுத்துக்கொண்டு நேரே ஊருக்குள் போய்ப் பாருங்கள். இழுக்காமல் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு மூக்கைக் கவனிக்கலாம்.

படி 2: அமைப்புகள்

ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடும் ரே டிரேசிங்கை அணையுங்கள். படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கி கார்டின் சுமையைக் குறைக்கும் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆரை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலைக்கு மாற்றுங்கள். 'ஸ்மார்ட் சோய்' என்று ஒன்று இருக்கும். என்விடியா கார்டின் துணையோடு ஆட்களைத் தானாக யோசிக்கவைக்கும் வசதி அது. இப்போதைக்கு அதையும் அணைத்து வையுங்கள். பெயரெல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும், தமிழ் கிடையாது.

படி 3: ஒரே ஒரு ஆள்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, அப்பா, அம்மா, பிள்ளைகள், சித்தி என்று குடும்பத்தையே முதல் நாளில் இறக்கிவிடுவது. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும், ஒரே குளியலறைக்கு அடிபிடி நடக்கும், உங்களுக்குத் தலை சுற்றும். ஒரு ஆள் போதும். நான் ஓர் ஆச்சியைச் செய்தேன். வயதான சோய் செய்ய முடியும்தான், ஆனால் இந்த ஊரில் தோலுக்கு வயதே ஆகாதோ என்னவோ, எல்லாம் விளம்பரப் படத்து ஆச்சிகளாகவே வந்தார்கள். சுருக்கத்தைக் கூட்டி, முடியை நரைக்கவைத்து, கொண்டை போட்டேன். நான் தேடியவரை சேலை கிடைக்கவில்லை. நீளப் பாவாடையும் ரவிக்கையும் எடுத்து, துணி வடிவமைப்புப் பெட்டியில் "அரக்குச் சிவப்பில் சின்னக் கட்டம்" என்பதை ஆங்கிலத்தில் தட்டினேன். எழுத்தைப் படமாக்கித் துணியில் ஒட்டும் வசதி அது. மூன்றாவது முயற்சியில் கட்டம் கட்டமாகவே வந்தது.

குணத்தையும் இங்கேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால், பின்னால் அந்த ஆள் செய்வதெல்லாம் புரியும்.

படி 4: ஊரும் மனையும்

தோவோன் சியோல் சாயலில் அமைந்த ஊர், பிளிஸ் பே அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைச் சாயல். குச்சிங்க்கு என்பது இந்தோனேசியச் சாயலில் வந்தது. அந்த மொழியில் 'என் பூனை' என்று அர்த்தமாம். விளையாட்டு முழுக்கப் பூனைதான், நாம் வேலை பார்க்கும் நிறுவனத்தில் மேலதிகாரியும் பூனை. வீடு கட்டிப் பழக பிளிஸ் பே நல்லது. தயார் வீடு வேண்டாம், காலி மனையாக எடுங்கள்.

படி 5: வளவு

இந்த விளையாட்டில் எனக்கு உண்மையிலேயே பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடு அகலம் குறைவு, நீளம் அதிகம். தெருவில் திண்ணை, உள்ளே தார்சா என்கிற முன்கட்டு, அப்புறம் பட்டாசல் என்கிற கூடம், அடுத்து அடுக்களை, கடைசியில் புறவாசல். வாசலில் நின்றால் புறவாசல் வாழைமரம் தெரியும். இப்படி நாலைந்து வீடுகள் ஒரே பொது வாசலுக்குள் இருந்தால் அது வளவு. ஆரம்பக்காரருக்கு இதைவிட எளிய வரைபடம் இல்லை: ஒரு நீள் செவ்வகம், குறுக்கே மூன்று சுவர், எல்லாக் கதவும் ஒரே நேர்க்கோட்டில்.

முதலில் வெளிச்சுவரை இழுத்து முடியுங்கள். அப்புறம் குறுக்குச் சுவர்கள். கதவை வைக்கும்போது முன்கதவின் நேரே கேமராவை நிறுத்தி, ஒவ்வொன்றாக உள்ளே போய் வையுங்கள். பட்டாசலுக்கு மேலே ஒரு துண்டுக்குக் கூரை போடாமல் விட்டேன். காலையில் அதன் வழியாக வெயில் தரையில் சதுரமாக விழுந்ததைப் பார்த்தபோது, இந்த எஞ்சின் இவ்வளவு பெரிய கார்டைக் கேட்பது நியாயம்தான் என்று தோன்றியது. திண்ணைக்குத் தனிப் பொருள் இல்லை. தாழ்வான நீள பெஞ்சுகளைச் சுவரோடு ஒட்டி, நிறத்தைச் சிவப்புச் சிமெண்டுத் தரை மாதிரி மாற்றினேன். கிட்டப்போய்ப் பார்க்காதவரை திண்ணைதான்.

காசு தீர்ந்தால் வெட்கப்படாமல் உதவிப் பகுதியில் உள்ள பண வசதியைத் தட்டுங்கள். முதல் வீட்டுக்கு அது தப்பில்லை.

படி 6: வெற்றிலைச் செல்லத்தை அச்சடிப்பது

3டி பிரிண்டர் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பொருளின் புகைப்படத்தைக் கொடுத்தால் முப்பரிமாணப் பொருளாக்கித் தரும். எங்கள் வீட்டில் என் நிஜ ஆச்சியின் பித்தளை வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்தபடியே படம் எடுத்துக் கொடுத்தேன். மூடியும் பெட்டியும் உருகி ஒட்டிக்கொண்டு, பாக்குவெட்டி எங்கேயோ முளைத்து, மிதிபட்ட ஆமை மாதிரி ஒன்று வந்தது.

இரண்டாவது தடவை மூடினேன். பின்னால் ஒரு வெள்ளை வேஷ்டியைத் தொங்கவிட்டேன். பித்தளையின் மினுமினுப்பு படத்தில் விழாதபடி, வெயில் நேராகப் படாத தார்சாவில் வைத்து, கொஞ்சம் மேலிருந்து சாய்வாக எடுத்தேன். இந்தத் தடவை அச்சு அசலாக வந்தது. ஒரே படத்தைத்தான் பார்க்கிறது என்பதால் பின்பக்கத்தை அதுவாக ஊகித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுங்கள். செம்பு, பனையோலைப் பெட்டி மாதிரி கட்டையான பொருள்கள் நன்றாக வருகின்றன. குத்துவிளக்கின் மெல்லிய தண்டு எனக்கு வரவே இல்லை. எல்லாம் அலங்காரத்துக்குத்தான், செல்லத்திலிருந்து வெற்றிலை எடுத்துப் போட முடியாது.

படி 7: குடித்தனம்

பசி, தூக்கம், சுத்தம், பேச்சுத்துணை என்று பட்டைகள் இருக்கும். சிவப்பாவதற்குள் கவனித்தால் போதும். எனக்கு ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் சாப்பிட வைக்கப் பிடிக்காது, சோயைத் தன் போக்கில் விட்டுவிடுவேன். அப்போதுதான் வீட்டில் எது இல்லை என்று தெரிகிறது. விசைப்பலகையால் நேரடியாக நடக்கவைக்கவும் செய்யலாம். தெருவைச் சுற்றிப் பார்க்க அது சுகம்.

நல்லது கெட்டது செய்தால் கர்மா கணக்கில் ஏறும். கணக்கு மோசமானவர்கள் செத்தபின் பேயாக அலைவார்கள். சுடலைமாடன் கொடை பார்த்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

சரி, குறை. வளவு கட்டிவிட்டேன், ஆனால் வளவு வாழ்க்கை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்துத் தடவை பேசினால் பத்துத் தடவையும் சிரிக்கிறார். நட்புப் பட்டை ஏறுகிறது. குழாயடியில் ஒரு சண்டை இல்லை, சொதி நல்லாயிருந்ததா என்று ஒரு விசாரிப்பு இல்லை. சிம்ஸில் அடுப்புத் தீப்பிடித்து ஆள் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இந்த ஊர் கொஞ்சம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். கட்டுவதற்காக வாங்குங்கள், கதைக்காக என்றால் பொறுத்துப் பாருங்கள்.

படி 8: வானிலை

ஊரைத் திருத்தும் பகுதியில் வானிலையை நாமே மாற்றலாம். வெளியே அக்கினி நட்சத்திரம், உள்ளே நான் மழையை இறக்கினேன். குற்றாலச் சாரல் மாதிரி இருந்தது. என் ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே பின்னால் வந்து நின்றாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த திரை ஆச்சியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"ஏல, மழை வருது. இவ என்ன சும்மா இருக்கா? வத்தல் காயப்போட்டிருந்தா எடுக்கச் சொல்லுலே."