சிப் சொதப்பும்போது டிரைவரில் செய்யக் கூடாதவை

சிப் செய்கிறவர்களும் தவறு செய்வார்கள். அந்தத் தவறுகளின் பட்டியலை எர்ராட்டா என்று பக்கம் பக்கமாக அவர்களே வெளியிடுவதும் உண்டு. விற்றுப்போன சிப்பைத் திரும்ப வாங்கித் திருத்த முடியாது என்பதால், அந்தச் சுமை, சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதுகிறவர் தலையில் வந்து விழுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், பிசிஐ (கம்ப்யூட்டருக்குள் கார்டுகளை இணைக்கும் வழி) சாதனங்களின் கோளாறுகளைச் சமாளிக்கவே தனி ஃபைல் இருக்கிறது, யூஎஸ்பிக்கு இன்னொன்று. இந்தச் சமாளிப்புக்குப் பெயர் குவர்க். திருநெல்வேலியில் படித்து முடித்து, ஊரிலேயே இருந்து இந்த வேலை செய்கிற தம்பி தங்கைகள் குவர்க் எழுதத் தயங்க வேண்டாம். அவசரப்பட்டு எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

ஆதாரம் இல்லாமல் வன்பொருள் மேல் பழி போடுவதுதான் முதல் தவறு. 2015-இல் அல்கோலியா என்ற தேடல் நிறுவனத்தின் சர்வர்களில் ஃபைல்கள் கெட்டுப்போயின. எந்த இடம் இனி தேவையில்லை என்று டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை சாம்சங் எஸ்எஸ்டிகள் தப்பாகக் கையாளுகின்றன என்றே முதலில் நம்பினார்கள். சாம்சங் பொறியாளர்கள் தேடிப் பார்த்தபோது பிழை லினக்ஸ் கெர்னலில், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு பகுதியில் இருந்தது. திருத்தத்தையும் அவர்களே அனுப்பினார்கள்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். ராதாபுரம் பக்கம் ஒரு காற்றாலையில், கன்வெர்ட்டர் வழியாக மீட்டரைப் படிக்கிற சின்ன லினக்ஸ் பெட்டிக்கு ஆடிக் காற்று அடிக்கும்போதெல்லாம் குப்பைத் தரவு வந்தது. “அண்ணாச்சி, கன்வெர்ட்டர் டூப்ளிகேட்டு. டிரைவர்லயே ரீட்ரை போட்டுருதேன்” என்றான் உடன் இருந்த தம்பி. “ஏல, மொதல்ல வயரப் பாத்தியா?” என்றேன். பார்த்தால், மீட்டரிலிருந்து வரும் ஆர்எஸ்-485 வயரைப் பிடித்திருந்த ஸ்க்ரூ தளர்ந்து கிடந்தது, கடைசி முனையில் போட வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டரும் இல்லை. டிரைவரில் திரும்பத் திரும்பப் படிக்கும் ரீட்ரை போட்டிருந்தால் அந்தத் தளர்ந்த ஸ்க்ரூ யார் கண்ணிலும் பட்டிருக்காது. வயர், பவர் சப்ளை, இன்னொரு கம்ப்யூட்டர், அதே மாடலில் இன்னொரு சாதனம்: இந்த நான்கையும் மாற்றிப் பார்த்த பிறகு சிப்பைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது, எனக்கு நிஜமாகவே கவலை தருகிற தவறு. ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் மதிப்பு வைக்கும் சின்ன இடம்) எழுதினேன், சிப் கேட்கவில்லை, 10 மில்லிசெகண்ட் தாமதம் போட்டேன், சரியாகிவிட்டது என்பார்கள். ஏன் சரியானது என்று கேட்டால் பதில் இருக்காது. பிசிஐ-யில் மெமரி ரெஜிஸ்டருக்கு எழுதுவது சிப்பைப் போய்ச் சேரும் வரை சிபியு காத்திருப்பதில்லை. வழியில் உள்ள பிரிட்ஜ் என்ற இடைச் சிப் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், சிபியு அடுத்த வரிக்குப் போய்விடும். ரீசெட் பிட்டை 1 ஆக்கி, 10 மைக்ரோசெகண்ட் காத்திருந்து, 0 ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள். எழுதிய இரண்டு மதிப்பும் பிரிட்ஜில் தங்கி, சிப்புக்கு ஒன்றன்பின் ஒன்றாக உடனே போய்ச் சேரலாம். சிப்புக்குக் கிடைத்த ரீசெட் நேரம் 10 மைக்ரோசெகண்டே இல்லை. முதலில் எழுதிய கையோடு அதே சாதனத்தில் ஒரு ரெஜிஸ்டரைப் படியுங்கள். படிக்கும் கோரிக்கை முன்னால் எழுதிய மதிப்பைத் தாண்டாது என்பதால், பதில் வந்தாலே அந்த மதிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு அப்புறம் காத்திருங்கள். இங்கே சிப் மேல் குற்றமே இல்லை, டிரைவர்தான் தவறு. லாக் வரி ஒன்று சேர்த்ததும் கோளாறு மறைந்துவிட்டால் பெரும்பாலும் இந்த மாதிரி நேரப் பிரச்சினைதான். எர்ராட்டாவே தாமதம் கேட்டால் தாராளமாகப் போடுங்கள்.

சரி, சிப்தான் தவறு என்று உறுதியாகிவிட்டது. அப்போதும் ஒரு மாடலின் குறைக்காக மொத்தக் குடும்பத்துக்கும் வசதியைப் பறிக்காதீர்கள். அல்கோலியா விவகாரம் வேறு. சாம்சங் 840, 850 வரிசைகளில் மற்ற கட்டளைகளோடு கியூவில் அனுப்பும் டிரிம் கட்டளையில் கோளாறு இருக்கவே செய்தது. கெர்னல் அந்த மாடல்களுக்கு அந்த ஒரு கட்டளையை மட்டும் நிறுத்தியது; சாதாரண டிரிம் தொடர்ந்தது. யூஎஸ்பி எஸ்எஸ்டி யுஏஎஸ் என்ற புதிய, வேகமான முறையில் தொங்கினாலும் அப்படித்தான்: வெண்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி (தயாரிப்பாளரையும் மாடலையும் காட்டும் எண்கள்) கொடுத்து அந்த ஒன்றை மட்டும் பழைய ஸ்டோரேஜ் முறைக்கு மாற்ற பூட் நேரத்திலேயே வழி உண்டு. டிரைவர் புரோகிராமைத் தொடும் முன் அதில் சோதித்துப் பாருங்கள்.

ஐடி மட்டும் போதாத இடமும் உண்டு. சிஎச்340 வகை மலிவு யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர்களில் ஒரே ஐடியோடு வெவ்வேறு குணமுள்ள சிப்கள் வருகின்றன. லினக்ஸ் டிரைவர் இதை அழகாகச் சமாளிக்கிறது: தொடங்கும்போதே பிரேக் (லைனைச் சற்று நேரம் 0-இல் பிடித்து வைக்கும் சைகை) ரெஜிஸ்டரைப் படித்துப் பார்க்கும். சிப் மறுத்தால், அதற்கு பிரேக் வசதி இல்லை என்று புரிந்துகொண்டு, மிகக் குறைந்த பாட் ரேட்டில் (அனுப்பும் வேகம்) ஒரு சுழி பைட் அனுப்பி அதே விளைவை உண்டாக்கும். பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் சாதனத்தையே கேட்பது எவ்வளவு நல்ல வழி பாருங்கள்.

முடிவில்லாத லூப் போட்டு ஸ்டேட்டஸ் பிட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். பிசிஐ சாதனம் கழன்று போனால் படிப்பதெல்லாம் 1-களாகவே வரும், அதை “பிஸி” என்று நினைத்து டிரைவர் காலம் முழுக்கச் சுற்றும். உங்கள் சாதனத்திலிருந்து வராத இன்டரப்டை (சிபியுவைக் கூப்பிடும் சைகை) “என்னுடையதுதான்” என்று பொய் சொல்லி வாங்கிக்கொள்வதும் கூடாது. 1,00,000 இன்டரப்டில் 99,900 கேட்பாரற்றுப் போனால் கெர்னல் அந்த லைனையே மூடிவிடும். உங்கள் பொய் அந்தக் காவலைச் செயலிழக்க வைக்கிறது.

குவர்க் வரிகளுக்குப் பக்கத்திலேயே எந்தச் சிப், எந்த ரிவிஷன், என்ன அறிகுறி, எர்ராட்டா எண் என்ன என்று நான்கு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் அதை நீக்கவும் பயப்படுவார், வைத்திருக்கவும் காரணம் தெரியாது. கடைசியாக, பெட்டியை ஒருமுறை சஸ்பெண்ட் செய்து (தூங்க வைத்து) எழுப்பிப் பாருங்கள். தொடக்கத்தில் மட்டும் எழுதிய ரெஜிஸ்டர் மதிப்பு, பவர் போய் வந்ததும் பழைய நிலைக்குப் போயிருக்கும். எழும் பாதையிலும் குவர்க்கைப் போட வேண்டும்.