கன்னியா முதல் மகாபெலஸ்ஸ வரை: கியூஜிஐஎஸ்ஸில் புவிவெப்ப வரைபடம்

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில், வெந்நீர் மேலே வர வாய்ப்புள்ள இடங்களைக் குறிப்பதே இங்கே வேலை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் செய்மதிப் படத்தில் சிவப்பாகத் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். லாண்ட்சாட் 8 செய்மதி வெப்பத்தை அளப்பது 100 மீற்றர் கட்டங்களாக. கிணறுகளோ சில அடி அகலம். அதனால் சூட்டை மட்டும் நம்பாமல், அது மேலே வரும் வழியைத் தேடுகிறோம். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவில் ஆழமாக இறங்கிச் சூடாகி, இன்னொரு பிளவால் ஏறுகிறது.

எஸ்ஆர்ரிஎம் 30 மீற்றர் நில உயரத் தரவை இறக்கி, மீற்றரில் அளக்கும் யூரிஎம் 44 வடக்கு ஆள்கூற்று முறைக்கு (ஈபிஎஸ்ஜி குறியீடு 32644) மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பின்னால் தூரமெல்லாம் பாகையில் வரும்.

அடுத்து மலைநிழல், அதாவது ஒரு திசையிலிருந்து ஒளி விழுவதுபோல் மேடுபள்ளத்தைக் காட்டும் படம். 315 பாகை (வடமேற்கு) ஒளி மட்டும் போதாது, ஒளிக்கு இணையாக ஓடும் பிளவு மறைந்துவிடும். 0, 45, 90 பாகைகளிலும் எடுங்கள். இரண்டு படங்களிலாவது தெரியும் கோட்டையே வரையுங்கள். குளக்கட்டும் வாய்க்காலும் பிளவு போலவே நேராகக் கிடக்கும், ஏமாறாதீர்கள்.

பலரும் சறுக்குவது ஊற்றுகளைக் குறிக்கும்போதுதான். பழைய கந்தவல கட்டத்தில் (5234) மூலப்புள்ளி 200000, 200000. புதிய எஸ்எல்டி99 கட்டத்தில் (5235) அது 500000, 500000. பழைய எண்ணுக்குப் புதிய குறியீட்டைக் கொடுத்தால் எல்லாப் புள்ளியும் மேற்கே 300 கிலோமீற்றர், தெற்கே 300 கிலோமீற்றர் நகரும். கன்னியா கொழும்புக்குத் தென்மேற்கே கடலில் கிடக்கும். அப்போது 'மறுவீழ்ப்பு' (ஆள்கூறுகளை வேறொரு முறைக்குக் கணித்து மாற்றுவது) செய்யக் கூடாது, பிழையும் கூடவே போகும். அடுக்கின் குறியீட்டையே 5234 என்று திருத்திவிட்டு, பிறகு 32644க்கு மாற்றுங்கள்.

வெப்பநிலைக்கு லாண்ட்சாட் இரண்டாம் நிலைத் தரவு (தரை வெப்பநிலை கணிக்கப்பட்ட படம்) போதும். செல்சியஸில்: கட்டத்தின் மதிப்பு × 0.00341802 + 149 − 273.15. எங்காவது −124 பாகை வந்தால் அது படத்துக்கு வெளியே உள்ள வெறும் 0, அதை வெற்றுமதிப்பாக்குங்கள் ('தரவு இல்லை' என்று குறியுங்கள்). படம் காலை 10 மணியளவில் எடுக்கப்படுவதால் நிலாவெளி மணலும் அறுவடை முடிந்த வயலும் ஊற்றைவிடச் சூடாகத் தெரியும். ஆகவே இந்த அடுக்குக்கு 0.2க்கு மேல் எடை கொடுக்காதீர்கள். பிளவுக்கோட்டுத் தூரம் 0.5, உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்ற இரண்டு பாறைத் தொகுதிகளும் சந்திக்கும் எல்லையின் தூரம் 0.3. மூன்றையும் 1 முதல் 5 வரை வகுப்புகளாகப் பிரித்து, எடையால் பெருக்கிக் கூட்டுங்கள். தூர அடுக்குகளில் கிட்டத்துக்கு 5, தூரத்துக்கு 1. இதைத் தலைகீழாகப் போட்டால் கடற்கரையெல்லாம் 'வாய்ப்பு' ஆகிவிடும்.

ஊற்றுகளை ஓர் அடுக்காகச் சேர்க்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. விடையைக் கேள்விக்குள் எழுதுவது அது. கன்னியா, ரங்கிரிய, மகா ஓயா, மகாபெலஸ்ஸ நான்கையும் ஒதுக்கி வைத்து, முடிவில் அவை உயர்ந்த வகுப்பில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: ராஸ்டர் கணிப்பியில் (அடுக்குகளைக் கட்டம் கட்டமாகக் கூட்டும் கருவி) விடை வெறுமையாக வந்தால் சூத்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அடுக்குகளின் எல்லை பொருந்தாததே காரணம். மூன்றையும் உயரத் தரவின் கட்டத்துக்கே இழுத்துப் பொருத்துங்கள். வகுப்பாக்கிய அடுக்குகளுக்கு அண்மை அயல் முறை (அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பை அப்படியே எடுப்பது), வகுப்பாக்காத வெப்பநிலைக்கு இருநேரியல் (சுற்றியுள்ள கட்டங்களின் எடையிட்ட சராசரி).