பேஸ் ஆம்ப் வாங்கப் போகிறீர்களா? வாட்டைக் கடைசியில் பாருங்கள்

பேஸ் கிட்டார் வாங்க ஆறு மாதம் யோசிப்பவர்கள்கூட அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்க ஆறு நிமிஷம் யோசிப்பதில்லை. எதில் வாட் அதிகமாக எழுதியிருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நானும் முதல் ஆம்பை அப்படித்தான் வாங்கினேன். வீட்டில் தனியாக வாசித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும், ஒரே பெருமை. முதல் ஒத்திகைக்குக் கொண்டுபோனேன், இரண்டு பாட்டு முடிந்ததும் டிரம்மர் திரும்பிப் பார்த்து, "என்னப்பா, இன்னும் பிளக்கே போடலையா?" என்றார். நான் விரல் வலிக்க வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் கேட்க இதமாக இருக்கிறதே என்று லோ, ஹை எனப்படும் கீழ், மேல் ஒலிகளை நிறைய ஏற்றி, நடு ஒலியான மிட்டை அடியோடு இறக்கி வைத்திருந்தேன், அதுதான் தப்பு. நாலு தந்தி பேஸில் திறந்த ஈ தந்தியின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தியில் இருக்கும் பி 31 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் தடித்த தந்தியே 82ல்தான் தொடங்குகிறது. ஆனால் பெரும்பாலான கேபினெட்டுகள் (ஸ்பீக்கர் பெட்டிகள்) 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக மளமளவென்று மங்கிவிடும். அப்படியானால் ஈ எப்படிக் கேட்கிறது என்றால், அதன் மேல்சுரங்களான 82, 123, 164 எல்லாம் சேர்ந்து வரும்போது விட்டுப்போன அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. கூட்டாக வாசிக்கும்போது கீழே கிக் டிரம் உட்கார்ந்திருக்கும், மேலே சிம்பலும் கிட்டாரும். நமக்கு மிஞ்சுகிற இடம் ஏறக்குறைய 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நான் இறக்கி வைத்திருந்த அதே மிட்.

இன்னொரு விஷயமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடிச்சுரங்கள் சரியாகக் கேட்காது. இதை 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது கை தானாக லோ குமிழைத் திருகும். அதே அமைப்போடு மேடையில் சத்தத்தை ஏற்றினால் கொழகொழவென்று ஒரு முழக்கம்தான் மிஞ்சும், சுரம் எது என்றே தெரியாது. எந்த இடமாக இருந்தாலும், அங்கே வாசிக்கப்போகிற சத்தத்திலேயே வைத்து, மற்றவர்களும் வாசிக்கும்போது குமிழைச் சரிசெய்யுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும் ஒலிதான் கூட்டத்தில் தெளிவாக நிற்கும், பழகிக்கொள்ளுங்கள்.

கடையில் சோதிக்கும்போதும் இதை மறக்காதீர்கள். உங்கள் சொந்த பேஸைக் கொண்டுபோங்கள். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, கைக்குப் பழகிய ஏதாவது ஒன்றை வாசியுங்கள். அப்போதே ஒலி பிடித்திருந்தால் நல்லது. பிடிக்காமல் ஏழெட்டுக் குமிழைத் திருப்பித்தான் பிடிக்கவைக்க வேண்டும் என்றால் அந்த ஆம்ப் உங்களுக்கு வேண்டாம். மிட்டுக்கு ஒரே ஒரு குமிழா, அல்லது எந்த அதிர்வெண் என்று தேர்ந்தெடுக்க இன்னொரு குமிழும் இருக்கிறதா என்று பாருங்கள். ரிவெர்ப், நூறு விதமான செயற்கை ஒலிகள் என்று என்னென்னவோ காட்டுவார்கள், எனக்கு அந்த இரண்டாவது குமிழ் ஒன்று போதும்.

சரி, எங்கே வாசிக்கப்போகிறீர்கள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டோடு சரி என்றால் 15 அல்லது 30 வாட், ஒரு 8 அங்குல ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் துளை, போதும். டிரம்மரோடு வாசிக்கப்போகிறீர்கள் என்றால் 200, 300 வாட்டில் தொடங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் 100 வாட் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்று எல்லாக் கடையிலும் கண்ணைப் பறிக்கும், பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். வீட்டுக்கு அது அதிகம், கை ஓங்கி அடிக்கிற டிரம்மருக்குப் பக்கத்தில் போதாது. பெரிய மேடையில் எப்படியும் அங்கே இருக்கும் ஸ்பீக்கர்கள்தான் கூட்டத்துக்கு ஒலி கொண்டுபோகும். அங்கே உங்கள் ஆம்ப் உங்கள் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் மட்டும்தான், அதற்கு மலை மாதிரி ஒன்று தேவையில்லை.

இப்போது வாட்டுக்கு வருவோம். சக்தி இரட்டிப்பானால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல், அதாவது "கொஞ்சம் கூடிய மாதிரி இருக்கே" என்கிற அளவு. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். 300 வாட்டுக்கும் 500 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு டெசிபலைச் சற்றே தாண்டும், அதற்காகக் காசைக் கொட்ட வேண்டாம். அதைவிட, ஸ்பீக்கர் கேபினெட்டில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தது. ஒன்று 97 டெசிபல், இன்னொன்று 100 டெசிபல் என்றால், 100 உள்ளதை வாங்குவது ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். இன்னொன்று, லோ குமிழை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப் நாலு மடங்கு சக்தி கொடுக்க வேண்டியிருக்கிறது. "என் ஆம்ப் சீக்கிரம் கரகரக்குது" என்பவர்களில் பலருக்கு மருந்து புது ஆம்ப் இல்லை, லோவைக் கொஞ்சம் இறக்குவதுதான்.

பழைய காலத்தில் இவ்வளவு சக்தி வேண்டுமென்றால் முதுகைத் தியாகம் செய்ய வேண்டும். 1969ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப், அதன் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி, மட்டும் 35 கிலோவுக்கு மேல். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் அடங்கிய அதன் கேபினெட் ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும், அதைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒலி அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொள்வது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை: வால்வு தேயும், மாற்ற வேண்டும், மாற்றினால் பயஸ் (வால்வில் ஓடும் மின்னோட்ட அளவு) சரிபார்க்க வேண்டும். இன்றைக்கு கிளாஸ் டி என்ற வகை ஹெட்டுகள் இரண்டு மூன்று கிலோவில் 500 வாட் தருகின்றன, நியோடிமியம் காந்தம் வைத்த ஸ்பீக்கர்களால் கேபினெட்டும் இளைத்துவிட்டது. ஆம்பை வாங்குவதற்கு முன் ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். அப்புறம் நடு ராத்திரி நிகழ்ச்சி முடிந்து, உதவிக்கு ஆளில்லாமல் மூன்று மாடி ஏறுவதாக நினைத்துக்கொண்டு இன்னொரு முறை தூக்கிப் பாருங்கள்.

15 அங்குலம் என்றால் ஆழம், 10 அங்குலம் என்றால் துடிப்பு என்று ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம். பெட்டியை எப்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் ஒலியை முடிவு செய்கிறது.

ஓம் (மின்தடையின் அளவு) கணக்கு தெரியாமல் மட்டும் ஹெட்டும் கேபினெட்டும் தனித்தனியாக வாங்காதீர்கள். இரண்டு 8 ஓம் கேபினெட்டை வழக்கமான முறையில் இணைத்தால் 4 ஓம் ஆகும். இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2 ஓம். கேபினெட் கூடக் கூட எண் குறைகிறது, ஆம்ப் தள்ள வேண்டிய மின்னோட்டம் கூடுகிறது. ஹெட்டின் முதுகில் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று போட்டிருந்தால் 2 ஓமைக் கொடுப்பது குருவி தலையில் பனங்காய் வைப்பதுதான். நல்ல ஆம்பாக இருந்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் புகைதான். அதேபோல 500 வாட் என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் 4 ஓமில் கிடைப்பது, 8 ஓம் கேபினெட் ஒன்றை மட்டும் மாட்டினால் அதில் பாதியை ஒட்டித்தான் வரும். இப்போது ஒரு 8 ஓம் கேபினெட் வாங்குங்கள், பின்னால் தேவைப்பட்டால் அதே மாதிரி இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். வால்வு ஆம்ப் என்றால் இன்னொரு கட்டாயம் உண்டு: ஸ்பீக்கர் மாட்டாமல் அதை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஹெட்டிலிருந்து கேபினெட்டுக்குப் போகும் கேபிளும் கிட்டாரிலிருந்து வரும் கேபிளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்றல்ல. கிட்டார் கேபிளின் உள்ளே நடுவில் போவது மெல்லிய கம்பி, இரைச்சலைத் தடுக்கச் சுற்றிலும் ஒரு வலை. அது அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது. ஒருமுறை அவசரத்துக்கு நான் அதை மாட்டி அரை மணி நேரம் வாசித்துவிட்டுக் கழற்றினேன், பிளக்குக்குப் பக்கத்தில் தொட முடியாத சூடு. ஸ்பீக்கர் கேபிளுக்கு ஒரு பட்டை சுற்றி அடையாளம் வைத்துவிடுங்கள். உள்ளே சொருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கான் வகை இருந்தால் குழப்பமே இல்லை.

பழைய ஆம்ப் வாங்குகிறீர்களா? நான் பயமில்லாமல் வாங்குவேன், ஆனால் ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். ஆம்பிலிருந்து கழற்றிய 8 ஓம் கேபினெட்டின் முனைகளில் மீட்டரை வைத்தால் 6 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும், அது சரியான அளவுதான். ஒன்றும் காட்டவில்லை என்றால் ஸ்பீக்கர் சுருளோ இணைப்போ அறுந்திருக்கிறது. முன்வலையைக் கழற்ற முடிந்தால் கூம்பை விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். உள்ளே எதுவும் உரசுகிற சத்தம் வரக்கூடாது. ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருப்புங்கள், லேசான கரகரப்பு வந்தால் கிளீனர் அடித்தால் போய்விடும், ஒலி அறுந்து அறுந்து வந்தால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். முகர்ந்தும் பாருங்கள், கருகிய வாசனை பொய் சொல்லாது. வேறு நாட்டிலிருந்து வந்த ஆம்ப் என்றால் பின்னால் எத்தனை வோல்ட் என்று படித்த பிறகுதான் மின்சாரத்தில் மாட்ட வேண்டும். 120 வோல்ட் ஆம்பை 230ல் மாட்டினால் அன்றோடு அதன் கதை முடிந்தது.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. எங்கே வைப்பது? தரையில் வைத்துச் சுவரோடு ஒட்டினால் லோ கூடும், மூலையில் தள்ளினால் இன்னும் கூடும். உள்ளே வெற்றிடமாக இருக்கும் மரமேடையில் வைத்தால் மேடையே ஒரு பெட்டியாகி முழங்கும். தரையில் இருக்கும் சின்ன காம்போவிலிருந்து மிட்டும் ஹையும் நம் முழங்காலைத் தாண்டிப் போய்விடும், காதுக்கு வராது, உடனே நாம் சத்தத்தை ஏற்றுவோம், முன்வரிசைக்காரர் காதைப் பொத்துவார். ஒரு பலமான நாற்காலியில் தூக்கி வையுங்கள், அல்லது முகத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்த்து வையுங்கள். அதே அளவு சத்தத்தில் உங்கள் விரல் நுனி பண்ணுவதெல்லாம் கேட்கும். பணம் செலவழிக்காமல் ஆம்பை மேம்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மேடையில் மிக்ஸர்காரருக்கு ஒலி கொடுக்க டி.ஐ. வெளியீடு இருக்கும். அதன் பக்கத்தில் ப்ரீ, போஸ்ட் என்று ஒரு சுவிட்ச். ப்ரீயில் வைத்தால் நீங்கள் ஆம்பில் லோ, மிட், ஹை குமிழ்களில் எதைத் திருப்பினாலும் அவருக்குப் போகிற ஒலி மாறாது. அங்கேயே வையுங்கள், நிம்மதியாக உங்கள் காதுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம், அவரும் உங்களைத் திட்டமாட்டார். ஊம்ம்ம் என்று ரீங்காரம் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். ரீங்காரம் போகவில்லை என்று மின்பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டிவிடாதீர்கள், உயிர் போகும்.

அன்றாடப் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காற்றுத் துளைகளை மூடும்படி எதையும் மேலே போடாதீர்கள், விசிறி இருந்தால் தூசி தட்டுங்கள், வால்வு ஆம்பைச் சூடு ஆறிய பிறகு நகர்த்துங்கள். பையில் சரியான அளவு ஃபியூஸ் இரண்டு கிடக்கட்டும்.

சில நாள் கழித்து ஒரு கடகடப்பு வரும், எல்லா ஆம்புக்கும் வரும். எனக்கு ஈ தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில் மட்டும் வந்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றே முடிவுகட்டி, புதுசு என்ன விலை என்றுகூடக் கேட்டுவிட்டேன். கடைசியில் நண்பர் ஒருவரை அந்த ஒரே சுரத்தை விடாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு, பெட்டியில் ஒவ்வோர் இடமாகக் கையை வைத்து அழுத்திக்கொண்டே போனேன். கைப்பிடி, மூலைத் தகடு, பின்பலகை, எதிலும் இல்லை. முன்வலையில் இருந்த கம்பெனிப் பெயர்த் தகட்டைத் தொட்டதும் சத்தம் நின்றது. நீங்களும் முதலில் அறையில் உள்ள சாமானைச் சந்தேகப்படுங்கள், முக்கியமாக ஸ்னேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிகளை, அப்புறம் பெட்டியின் வெளிப்பாகங்களை, ஸ்பீக்கரைக் கடைசியில். அதன் திருகுகளை இறுக்கும்போது எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒன்றை மட்டும் முழுக்க முடுக்கினால் சட்டம் கோணிக்கொள்ளும்.